பள்ளிக்கூடம் ஓர் அஞ்சினான் புகலிடம்

(திருவண்ணாமலையில் நடைபெற்ற மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



வர்த்தமான மகாவீரர் பிறந்த நன்னாளில் அகிம்சையைப் பேசாத சமண மேடை இல்லை. நீரை வடிகட்டிப் பருகுதல், கதிரவன் மறையுமுன் உண்ணுதல், ஓரறிவுயிர்க்கும் இரங்குதல் ஆகிய ஒழுக்கங்கள் ஆண்டுதோறும் எடுத்துரைக்கப் பெறுகின்றன. தமிழ்ச் சமணக் குடும்பங்களில் அவை இன்றும் நிலவுகின்றன என்பது பெருமைக்குரிய செய்தி. இவ்வாண்டு இந்த அவையின் சிந்தனைக்கு வைக்கப்பெறும் பொருள் சற்று வேறானது. காலை எட்டரை மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்படும் குழந்தை, மாலையில் திரும்பும்வரை எந்த அளவுக்கு அகிம்சையின் நிழலில் இருக்கிறது? அந்த வினாவே இவ்வுரையின் பொருள்.

இவ்வினாவைக் கேட்கும் உரிமையும் கடமையும் பிறரைவிடச் சமணர்க்கு மிகுதி. 'பள்ளி' என்னும் சொல்லே அதற்குச் சான்று. அறவோர் தங்கிய உறைவிடத்துக்குப் பள்ளி என்று பெயர். அங்கே இளைஞர் அமர்ந்து எழுத்தும் அறமும் கற்றமையால், கற்கும் இடத்துக்கே அது பெயராயிற்று. பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்' எனக் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறது. பொன்னூர்மலையில் ஆசாரியர் குந்தகுந்தரின் திருவடிகள் உள்ளன. திருமலையில் குந்தவை ஜினாலயம் உள்ளது. இத்தகைய மாவட்டத்தில் வாழ்வோர்க்குப் பள்ளி என்பது அயலார் தந்த நிறுவனம் அன்று.

பிரமாதம் என்னும் சொல்

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் 'பிரமாதம்' என்பதையே அதன் வேராக வைக்கிறது. இக்காலத் தமிழில் பிரமாதம் என்றால் மிகச் சிறப்பு என்று பொருள் கொள்கிறோமே, அந்தப் பொருள் அன்று. கவனமின்மை, சோர்வு, பொறுப்பில்லாமை என்பதே ஆகமப் பொருள். கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்வது மட்டும் இம்சை ஆகாது. கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டதால் ஓர் உயிர் துன்புறுமானால் அதுவும் இம்சையே. நிலம் பார்த்து நடக்கும் முனிவரின் ஈரியா சமிதி இந்தக் கொள்கையின் ஒழுக்க வடிவம்.

இல்லறத்தார் மேற்கொள்ளும் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது வரம்புமீறல்கள், கூறப்பட்டுள்ளன. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அவை உள்ளன. அந்நூலை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பைக் கற்றவர்களுக்கும் அவை புதியன அல்ல. கட்டுதல், துன்புறுத்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவு மறுத்தல் என்பன அவ்வைந்து. உழவு மாடும் பொதி சுமக்கும் விலங்கும் ஏவலரும் வீட்டில் இருந்த காலத்தில், தம்மை அண்டி வாழும் உயிர்களிடம் இல்லறத்தான் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட வரையறை அது. தன் விருப்பத்தைச் சொல்லவும் எதிர்க்கவும் வலிமையின்றிப் பெரியோரை அண்டியிருக்கும் உயிர் எதுவோ அதற்கெல்லாம் இவ்வரையறை பொருந்தும். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு இது பொருந்தாது என்று யாரேனும் கூற முடியுமா?

தமிழ்நாட்டில் பள்ளிப் பாதுகாப்புக்காகக் கடந்த இருபது ஆண்டுகளில் உருவான சட்டங்களையும் அரசாணைகளையும் நீதிமன்ற ஆணைகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு வியப்பு தோன்றும். அவை அனைத்தும் இந்த ஐந்து அதிசாரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. வேறுபாடு ஒன்றே. அணுவிரதம் துன்பம் நேருமுன் பேசுகிறது. சட்டம் பெரும்பாலும் சாவுக்குப் பின் பேசியிருக்கிறது.

முதலாவது: கட்டுதல்

2004 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் நாள், வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்துவந்தன. சத்துணவு சமைத்த அடுப்பிலிருந்து எழுந்த தீ கூரையைப் பற்றியது. மேல்தளத்தில் கீற்றுக்கொட்டகையின் கீழ் அமர்ந்திருந்த குழந்தைகள் வெளியேறப் போதிய வழியில்லை. தொண்ணூற்று நான்கு குழந்தைகள் மாண்டனர். மறுநாள் தமிழ்நாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய ஒவ்வொரு தாயும் அந்த எண்ணை மனத்தில் வைத்தே அனுப்பினாள்.

கட்டுதல் என்றால் கயிறு மட்டும் அன்று. வெளியேற வழியில்லாத அறையும் கட்டுதான். அந்தக் கட்டடத்தில் இருந்தோர் எவரும் குழந்தைகளைக் கொல்ல நினைக்கவில்லை. ஓலைக் கூரைக்கு அருகே அடுப்பு எரிவதைப் பலர் பார்த்திருப்பர். படிக்கட்டு குறுகியது என்பதை நாள்தோறும் ஏறி இறங்கியோர் அறிந்திருப்பர். பார்த்தும் பாராதிருத்தல், அறிந்தும் அறியாதிருத்தல். பிரமாதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

அதன் பின்னரே பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் இன்றித் தனியார் பள்ளிக்கு அங்கீகாரம் இல்லை என்னும் நடைமுறை இறுகியது. இந்நிகழ்வையொட்டித் தொடரப்பெற்ற அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையே என்பது அத்தீர்ப்பின் சாரம். குற்ற வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2014 ஜூலை 30 அன்று வந்தது. இடையில் பத்தாண்டுகள் கடந்திருந்தன. அன்று மூன்றாம் வகுப்பில் இருந்து உயிர் பிழைத்த குழந்தை, தீர்ப்பு வருமுன் பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும்.

கட்டடத்தின் ஆபத்து கும்பகோணத்தோடு முடியவில்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர் இறந்தனர். மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்க வேண்டும் என்னும் ஆணை அதன் பின்னர் விரைவு பெற்றது. சுவர் விரிசல் விடுவதற்கு ஒரு நாள் போதாது. அதைப் பார்க்காமல் இருப்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

இரண்டாவது: துன்புறுத்தல்

ஆசிரியர் கையில் பிரம்பு என்பது தமிழர் மனத்தில் ஊறிப்போன படிமம். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51 ஆம் விதி முன்பு உடல் தண்டனைக்கு இடம் தந்தது. 2003 இல் அது திருத்தப்பெற்று, உடலுக்கோ மனத்துக்கோ வலி தரும் தண்டனை விலக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் அதை உறுதி செய்தது. அப்பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதும் சேர்த்தே தடுக்கப்பட்டுள்ளது என்பது கருதத்தக்கது. மீறும் ஆசிரியர்மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 இல் மாநில அரசுக்கு ஆணையிட்டது.

அடியை ஒரு சட்டம் தடுக்கலாம். சொல்லை எச்சட்டம் முற்றிலும் தடுக்கும்? மதிப்பெண் குறைந்த மாணவனை வகுப்பின் நடுவே நிறுத்தி அவன் தந்தையின் தொழிலைச் சொல்லி எள்ளுதல், நிறத்தைச் சொல்லி அழைத்தல், கட்டணம் செலுத்தாத பிள்ளையின் பெயரை உரக்கப் படித்தல் ஆகியவை தோலில் தழும்பு விடுவதில்லை. சமணம் இதனைப் பாவ இம்சை என்று பிரித்துக் கூறும். உடல்மேல் நிகழும் திரவிய இம்சைக்கு முன்னரே உள்ளத்தில் நிகழ்வது அது. 17 ஆம் பிரிவில் மன உளைச்சல் என்னும் சொல் இடம்பெற்றபோது, சட்டம் தன்னை அறியாமலே ஆகமத்தின் அருகில் வந்து நின்றது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். பிரம்பை ஆசிரியர் தாமாக எடுத்த நாள்களைவிடப் பெற்றோர் எடுத்துக் கொடுத்த நாள்கள் மிகுதி. "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்துவிடுங்கள் ஐயா" என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வழக்கம் எல்லாச் சமூகத்தாரிடமும் இருந்தது. சமணக் குடும்பங்களும் அதற்கு விலக்கல்ல. விளக்கில் விழும் விட்டிலுக்காக விளக்கை மூடும் தாய், மகனின் உள்ளங்கை சிவந்திருப்பதைக் கண்டு, "நீ என்ன தப்பு செய்தாய்?" என்றே முதலில் கேட்கிறாள். விட்டிலுக்குக் கிடைத்த இரக்கம் மகனுக்கு ஏன் கிடைக்கவில்லை? வீட்டில் அடித்து வளர்க்கப்பெறும் குழந்தை, பள்ளியில் அடிபட்டால் வீட்டில் வந்து சொல்லாது. சட்டம் அக்குழந்தையை அடைவதற்குரிய வழி அங்கேயே அடைபட்டுப் போகிறது.

ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு. ஐம்பது, அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பிரம்பைக் கீழே வை என்று சொன்ன அளவுக்கு, அதற்குப் பதில் எதைக் கையில் எடுப்பது என்று அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒரு பள்ளியின் வகுப்பறையிலேயே ஆசிரியை ஒருவர் ஒன்பதாம் வகுப்பு மாணவனால் குத்திக் கொல்லப்பட்டார். பள்ளியில் அச்சம் நிலவுமானால் அது ஒரு பக்கத்தாரை மட்டும் தொடுவதில்லை. பள்ளிகள்தோறும் மனநல ஆலோசகர் வேண்டும் என்னும் கோரிக்கை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே நலம் தருவதாகும்.

மூன்றாவது: அறுத்தல்

இவ்வதிசாரத்தைப் படிக்கும்போது, இக்காலத்தில் யார் உறுப்பை அறுக்கப் போகிறார்கள் என்று தோன்றக்கூடும். 2023 ஆகஸ்டு 9 ஆம் நாள் இரவு திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் தடுக்க வந்த அவர் தங்கையும் தங்கள் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியோர் அதே பள்ளியைச் சார்ந்த மாணவர். காரணம் சாதி. தனக்கு நேர்ந்த துன்புறுத்தலைப் பள்ளியில் முறையிட்டதே அம்மாணவர் செய்த 'குற்றம்'.

அதன் பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை மாநில அரசு அமைத்தது. 2024 ஜூன் மாதத்தில் அக்குழு அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குதல், சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் தடுத்தல், மாணவரை அகர வரிசையில் அமர்த்துதல், மாணவர் தம் சாதி விவரங்களை வகுப்பில் வெளிப்படுத்தாமல் காத்தல், ஆசிரியரைக் குறித்த கால இடைவெளியில் இடமாற்றம் செய்தல், பெரிய பள்ளிகளில் மாணவர் நல அலுவலரை அமர்த்துதல் ஆகியவை அதன் பரிந்துரைகளுட் சில. நெற்றிக்குறி பற்றிய பரிந்துரை போன்றவை விவாதத்துக்கு உள்ளாயின. விவாதம் நடக்கட்டும், கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து நண்பனைத் தேடும் நிலை பதினைந்து வயதில் வந்துவிட்டது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

இது தென்மாவட்டச் சிக்கல் என்று வடக்கே இருப்போர் ஒதுக்கிவிடுதல் எளிது. திருவண்ணாமலை என்னும் பெயர் அருணைநகருக்கு மட்டும் உரியதன்று. ராஜபாளையம் செல்லும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே சீனிவாசப் பெருமாள் குன்றின்மீது கோயில் கொண்ட ஊருக்கும் அதே பெயர்தான். இரண்டு திருவண்ணாமலைக்கும் சட்டம் ஒன்று, பாடநூல் ஒன்று, பிள்ளைகளின் அச்சமும் ஒன்று. எண்ணிக்கையில் சிறிய சமூகமாகிய தமிழ்ச் சமணர்க்கு இதில் தனிப்பட்ட பொறுப்பும் உண்டு. சூரியன் மறையுமுன் உண்ணும் பிள்ளை விடுதியில் எள்ளப்பட்டால் அத்துன்பம் இன்னதென்று அக்குடும்பங்கள் அறியும். வேறுபட்டிருப்பதற்காக ஒதுக்கப்படும் வலியை அறிந்தவர், வேறொரு பிள்ளை அவ்வாறு ஒதுக்கப்படும்போது வாளாவிருத்தல் அறம் ஆகாது. தம் பிள்ளை யாரோடு அமர்ந்து உண்ணலாம், யார் வீட்டுக்குச் செல்லலாம் என்று வீட்டில் பேசப்படும் சொற்களே பள்ளியில் கயிறாக மாறுகின்றன.

நான்காவது: மிகுபாரம் ஏற்றல்

மாட்டின்மேல் அளவுக்கு மீறிப் பொதி ஏற்றாதே என்ற அறம் புத்தகப்பைக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2012–13 ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை கொண்டுவரப்பட்டது; ஒரு பருவத்துக்குரிய நூல்களை மட்டும் குழந்தை சுமந்தால் போதும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. புத்தகப்பையின் எடை குழந்தையின் உடல் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்று 2020 ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டு கிலோ என்பது கணக்கு. வீட்டுத் தராசில் ஒருநாள் பையை வைத்துப் பார்க்கும் பெற்றோர் எத்தனை பேர்?

பாரம் என்பது வாகனத்துக்கும் உண்டு. 2012 ஜூலையில் சென்னையின் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். அதன் பின்னர் அவ்வாண்டே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பெற்றன. மஞ்சள் வண்ணம், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், குழந்தைகளை ஏற்றி இறக்க உதவியாளர், ஆண்டுதோறும் அலுவலர் குழுவின் ஆய்வு ஆகியன அவற்றுள் அடங்கும். கோடை விடுமுறையில் திடலில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி அலுவலர்கள் சோதிக்கும் காட்சி அதனால் வந்ததே. ஆயினும் சோதனைக்கு வராத ஆட்டோவில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை அடைத்து அனுப்புவது நின்றபாடில்லை. மாதத்துக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் என்பதற்காக அந்த ஆட்டோவை ஏற்பாடு செய்வது பள்ளியன்று, வீடுதான்.

தேர்வு என்பது மற்றொரு பாரம். மதிப்பெண் பட்டியல் வெளிவரும் நாளில் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் சிறந்த மதிப்பெண்களோடு சில சாவுகளையும் அச்சிட நேர்கிறது. 'என் உறவினர் மகன் இத்தனை மதிப்பெண்' என்று உணவு வேளையில் சொல்லப்படும் ஒரு சொல்லின் எடையை எந்தத் தராசும் காட்டாது.

ஐந்தாவது: உணவு மறுத்தல்

இந்த ஒன்றில் தமிழ்நாடு தலைநிமிர்ந்து நிற்கலாம். காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும், 1982 இல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிந்த சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டமும் அன்னதானத்தை அரசின் கடமையாக்கின. சத்துணவில் முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. சிறிய செய்தியாகத் தோன்றினும், ஒரு சிறுபான்மைக் குழந்தையின் விரதத்தை ஒரு பெரிய திட்டம் மதிக்கிறது என்பது அதன் பொருள்.

ஆனால் உணவு மறுத்தல் என்பதோடு நீர் மறுத்தலும் சேரும். கழிப்பறை தூய்மையாக இல்லாத பள்ளியில் பெண்பிள்ளைகள் காலை முதல் மாலை வரை நீரே அருந்துவதில்லை. வீட்டிலிருந்து கொண்டுசென்ற நீர்ப்புட்டி நிறைந்தபடியே திரும்பும். அதைக் கண்டு பெருமூச்செறியும் தாய், காரணத்தைக் கேட்பதில்லை. எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கழிப்பறை கட்டுதல் ஒரு முறை செய்யும் செலவு. அதைத் தூய்மையாக வைத்தல் நாள்தோறும் செய்யும் அறம். இடைவேளையில் வெளியே விடாமல் பிள்ளையை அமர்த்தி வைக்கும் தண்டனையும் இந்த ஐந்தாம் அதிசாரத்தில் அடங்கும் என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அபயதானம்

ஐந்தையும் கூறிய பின் ஒன்று எஞ்சியுள்ளது. இத்தகைய அவைகளில் அதனைப் பேசத் தயங்குவர். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. அக்குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது அதன் 19 ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறுவது 21 ஆம் பிரிவின்படி குற்றம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. பள்ளியின் நற்பெயர் கெடும் என்று தாளாளர் மறைக்க முடியாது.

குடும்பத்தின் நற்பெயர் கெடும் என்று பெற்றோர் மறைப்பதை என்ன சொல்வது? சிறிய சமூகத்தில் எல்லாரும் எல்லார்க்கும் உறவு. செய்தி பரவினால் பிள்ளையின் எதிர்காலம் என்னாகும், திருமணம் என்னாகும் என்னும் அச்சம் பொய்யன்று. எனினும் அந்த அச்சத்தால் பெரியோர் மௌனம் காக்கும்போது, தீங்கிழைத்தவன் மறுநாளும் அதே வகுப்பறைக்குச் செல்கிறான். வேறு ஒரு குழந்தை அங்கே அமர்ந்திருக்கிறது. வாய்மையும் ஓர் அணுவிரதமே. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டு மற்றொரு குழந்தைக்குத் துன்பம் வர இடமளிப்பது எவ்வகையில் வாய்மை ஆகும்?

அன்னதானம், அபயதானம், ஔடததானம், சாத்திரதானம் என்று தானம் நான்கு. அஞ்சி வந்தோர்க்கு அடைக்கலம் தருதல் அபயதானம். தமிழகத்துக் கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்று குறிக்கப்பெறும் இடங்கள் இருந்தன என்பதையும், சமணர்தம் அபயதானக் கொள்கையோடு அவற்றுக்குள்ள தொடர்பையும் மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். அஞ்சியவன் புகும் இடம் எதுவோ அதுவே பள்ளி என்று வாழ்ந்த மரபு இது. இன்று அஞ்சிய குழந்தைக்கு 1098 என்னும் தொலைபேசி எண் உண்டு; கல்வி தொடர்பான குறைகளுக்கு 14417 உண்டு; அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்னும் பெட்டி உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்பு குழந்தை தேடும் எண், தாய் தந்தையின் முகம். அந்த முகத்தில் சினம் தெரிந்தால் குழந்தை வேறெங்கும் பேசாது.

வேடல் கல்வெட்டு சொல்வது

இம்மாவட்டத்தில், வந்தவாசிப் பகுதியில், வேடல் என்று ஓர் ஊர் உள்ளது. கல்வெட்டில் அதன் பெயர் விடால். அங்கே குரத்தியார், அதாவது பெண் துறவியர், மாணவியருக்குக் கற்பித்த பள்ளி இருந்தது. முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்று அறிஞர் கருதும் கல்வெட்டு ஒன்று அங்கு நிகழ்ந்த ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளது. ஐந்நூற்றுவர் ஒருபுறமும் நானூற்றுவர் ஒருபுறமுமாக அப்பள்ளியைச் சார்ந்தோரிடையே பிணக்கு எழுந்தது. அந்நிலையில், குணகீர்த்தி பட்டாரகரின் மாணவியாகிய கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணவியரையும் காத்து, உணவளிக்கும் பொறுப்பை அவ்வூர்ச் சாவகர்கள் ஏற்றனர்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பள்ளியில் அமைதி குலைந்தபோது ஊரார் செய்தது இது. அரசன் ஆணை வரட்டும் என்று அவர்கள் காத்திருந்ததாகக் கல்வெட்டில் இல்லை. பள்ளி வேறு, ஊர் வேறு என்று அவர்கள் எண்ணவில்லை. 'காப்போம், ஊட்டுவோம்' என்ற பொறுப்பைக் கல்லில் வெட்டி வைத்தனர்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு கூறும் பள்ளி மேலாண்மைக் குழு அந்தச் சாவகர் சபையின் இக்கால வடிவம். அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022 இல் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பெற்றன. குழுக் கூட்டத்தில் நாற்காலிகள் காலியாக இருக்குமானால் சட்டத்தைக் குறை கூறிப் பயனில்லை. தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தோர், கட்டணம் கேட்பதற்கு முன் நான்கு சான்றுகளையும் காட்டுமாறு கேட்கலாம். சமூகத்தார் நடத்தும் பள்ளியும் கோடைக்காலப் பாடசாலையும் விடுதியும் இருப்பின், அங்கே முதலில் கேட்க வேண்டும். வெளியே செல்ல இரண்டு வழிகள் உண்டா? பிரம்பு உண்டா? சாதி கேட்கப்படுகிறதா? பாரம் எவ்வளவு? பெண்பிள்ளை அச்சமின்றி நீர் அருந்த முடிகிறதா? ஐந்து அதிசாரங்களுக்கு ஐந்து வினாக்கள். இவற்றைக் கேட்க வழக்கறிஞர் வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் விரதம் ஏற்போர் தம் அதிசாரங்களை எண்ணி வருந்தி, மன்னிப்பு வேண்டுதல் சமண மரபு. எல்லா உயிரிடமும் மன்னிப்பு வேண்டும் அந்நாளில், வீட்டில் உள்ள சிறிய உயிரிடமும் ஒரு சொல் கேட்கலாம். "பள்ளியில் உனக்கு அச்சம் எதுவும் உண்டா?" என்று கேட்டுவிட்டு, அது விடை சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் அமர்ந்திருத்தல் போதும். அவ்வளவு நேரம் ஒரு சாமாயிகத்தின் அளவுகூட ஆகாது.

அருகன் அருள் எல்லார்க்கும் ஆகுக. ஜெய் ஜினேந்திர.